6 மி.மீ. அறிவியல் புனைவுப் படைகளுக்கு வண்ணம் தீட்டுவது: புதியவர்களுக்கான வழிகாட்டி

மேசைமேல் ஆடும் போர் ஆட்டங்களுக்கான 6 மி.மீ. உயரப் பொம்மை வீரனை முதல்முறை கையில் எடுப்பவர்கள் உடனே தேடுவது இருப்பதிலேயே மெல்லிய பிரஷ்ஷைத்தான். பொருள் சிறியது, ஆகவே பிரஷ்ஷும் சிறியதாக இருக்க வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் இந்த அளவில் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது பார்க்கும் தூரம்தான். மேசையின் ஓரத்தில் நிற்கும் ஆட்டக்காரரின் கண்ணுக்கும் படைக்கும் நடுவே ஏறத்தாழ ஒரு மீட்டர் இருக்கும். அந்தத் தூரத்தில் 6 மி.மீ. வீரனைப் பார்ப்பதும், வழக்கமான 28 மி.மீ. வீரனை நாலரை மீட்டருக்கும் அப்பால் நின்று பார்ப்பதும் ஒன்றே. அங்கே கண், மூக்கு, இடுப்புப் பட்டையின் கொக்கி எதுவும் தெரியாது. நிறம் தெரியும், வெளிச்சமும் நிழலும் தெரியும், கூட்டத்தின் வடிவம் தெரியும். கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படியும் இந்த ஒரு கணக்கிலிருந்து வருவதுதான்.

இந்த அளவு ஆட்டங்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. ராட்சத எந்திரங்கள் மோதும் பேட்டில்டெக் 1984இல் வேறொரு பெயரில் வந்து மறு ஆண்டே இப்பெயரைப் பெற்றது. கேம்ஸ் ஒர்க்‌ஷாப் நிறுவனத்தின் அடெப்டஸ் டைட்டானிகஸ் 1988இலும், காலாட்படையைச் சேர்த்த ஸ்பேஸ் மரீன் ஆட்டம் 1989இலும், எபிக் 40,000 1997இலும் வந்தன. 2023இல் வந்த லீஜன்ஸ் இம்பீரியலிஸின் வீரர்கள் சற்றே உயரம், ஏறத்தாழ 8 மி.மீ. 1988ஆம் ஆண்டுப் பெட்டியில் இருந்த ராட்சத எந்திரங்கள் அனைத்தும் ஒரே அச்சில் வார்த்தவை. இரு தரப்புக்கும் ஒரே பொம்மை என்பதால்தான் கதையே உள்நாட்டுப் போராக அமைந்தது. அந்த மேசையில் யார் நண்பன், யார் எதிரி என்று காட்டியது நிறம் மட்டுமே. இந்த அளவில் வண்ணத்தின் முதல் வேலை இன்றும் அதுதான்.

என்னென்ன வேண்டும்

நல்ல கூர் முனையுள்ள ஒன்றாம் எண் பிரஷ் ஒன்று போதும். பெரும்பகுதி வேலையை அதுவே முடித்துவிடும். மூன்று சைபர் எண் (000) கொண்ட மிக மெல்லிய பிரஷ் இங்கே உதவாது. அதன் வயிறு சிறியது, ஒரு முக்குக்குப் பிடிக்கும் பெயின்ட் மிகக் குறைவு, வீரனிடம் கொண்டுபோவதற்குள் முனையிலேயே காய்ந்துவிடும். ஒன்றாம் எண் பிரஷ்ஷின் முனையும் ஊசிபோலக் கூடும். அதோடு பத்து வீரர்களுக்குத் தேவையான ஈரத்தையும் வயிற்றில் வைத்திருக்கும். இதனுடன் வாஷ் (பள்ளத்தில் தங்கும் நீர்த்த மை) பூசுவதற்கு ஒரு பழைய இரண்டாம் எண் பிரஷ், ட்ரைபிரஷ் வேலைக்கு (ஏறக்குறைய காய்ந்த பிரஷ்ஷால் மேடுகளை மட்டும் வருடுவது) மயிர் அடர்ந்த வட்டமான மேக்கப் பிரஷ், உலோக நிறங்களுக்கென்று தனி பிரஷ் ஒன்று. உலோக நிறத்துக்குத் தண்ணீரும் தனிக் குவளையில் வையுங்கள். அந்தப் பெயின்ட்டில் உள்ள மினுக்குத் துகள்கள் பொதுத் தண்ணீரில் கலந்தால், பிறகு தீட்டும் நீலமும் சிவப்பும் காரணமே தெரியாமல் பளபளக்கும்.

பெயின்ட் அக்ரிலிக்காக இருக்கட்டும். முதல் படைக்கு எட்டு நிறங்களுக்கு மேல் தேவையில்லை: படையின் முதன்மை நிறம், அதைவிட இரண்டு படி வெளிறிய இன்னொன்று, ஆயுதத்துக்கு அடர் சாம்பல், ஓர் உலோக நிறம், எலும்பு வெள்ளை, அடையாளத்துக்குப் பளிச்சென்ற ஒரு நிறம், தரைக்கு அடர் பழுப்பு, மணல் நிறம். இவற்றுடன் கறுப்பு அல்லது அடர் பழுப்பு வாஷ் ஒரு புட்டி, அதை இளக்க நிறமற்ற அக்ரிலிக் மீடியம் ஒரு புட்டி, பளபளப்பில்லாத மேட் வார்னிஷ், பளபளப்பு வார்னிஷ்.

முதன்மை நிறத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, மனதில் நினைத்திருப்பதைவிட ஒரு படி வெளிறியதையே எடுங்கள். பொருள் சிறுத்தால் அதன் நிறம் கண்ணுக்கு இருண்டு தெரியும். பெரிய பொம்மையில் கம்பீரமாகத் தெரியும் கருநீலம், 6 மி.மீ. வீரனில் வெறும் கறுப்பாகிவிடும். அதன்மேல் வாஷும் ஏறினால் படை முழுவதும் மேசையில் ஒரு கறைபோலக் கிடக்கும். புதியவர்களின் முதல் படை பெரும்பாலும் கெடுவது இந்த இடத்தில்தான், தீட்டும் திறமையில் அன்று.

சுத்தம் செய்தல், பழைய பெயின்ட் நீக்குதல்

பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வீரர்களைக் கையால் திருகி எடுக்காதீர்கள், கணுக்கால் முறியும். தட்டை முனைக் கட்டரால், காலிலிருந்து ஒரு மி.மீ. தள்ளி வெட்டி, மிச்சத்தைக் கத்தியால் சீவுங்கள். அச்சின் இரு பாதிகள் சேரும் இடத்தில் ஓடும் கோட்டைக் கத்தியின் முதுகால் சுரண்டினால் போதும். தலை உச்சி, தோள், ஆயுதத்தின் மேல்விளிம்பு ஆகிய மூன்று இடங்களிலும் அந்தக் கோடு கட்டாயம் போக வேண்டும், ஏனென்றால் பின்னால் ட்ரைபிரஷ் செய்யும்போது அதுதான் முதலில் பளிச்சென்று தெரியும். காலுக்கு நடுவே இருப்பதை விட்டுவிடலாம். யாரும் பார்க்கப் போவதில்லை.

பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டு, பழைய பல் துலக்கியால் மெதுவாகத் தேய்த்து, அலசிக் காயவையுங்கள். அச்சிலிருந்து எளிதாகக் கழன்று வருவதற்காகப் பூசிய எண்ணெய்ப்பசை, ரெசினிலும் (வார்த்த பிசின்) உலோகத்திலும் செய்த மினியேச்சர்களில் தங்கியிருக்கும். அதன்மேல் ப்ரைமர், அதாவது பெயின்ட் பிடிப்பதற்காக முதலில் அடிக்கும் பூச்சு, ஒட்டாது.

இந்த ஆட்டங்களின் பல மினியேச்சர்கள் இன்று பழைய சரக்காகவே கிடைக்கின்றன, முந்தைய உரிமையாளர் தடிமனாகப் பூசிய பெயின்ட்டோடு. உலோகத்துக்கும் சாதாரண பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்குக்கும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் சில மணி நேரம் ஊறவைத்துப் பல் துலக்கியால் தேய்ப்பது நல்ல வழி. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சன்னலைத் திறந்து வையுங்கள், அருகில் நெருப்பு கூடாது. பிளாஸ்டிக்கை அசிட்டோனில் போட்டால் வீரன் கரைந்தே போவான். ரெசினாக இருந்தால் ஒரே ஒரு மினியேச்சரில் சோதித்துவிட்டு மற்றதைத் தொடுங்கள். 1990களின் தொடக்கம் வரை வந்த உலோக வீரர்கள் பலரிலும் ஈயம் கலந்திருக்கும். அவற்றை உலர்ந்த நிலையில் அரம் போட்டுத் தூசி கிளப்பாதீர்கள். நனைத்து அரம் போட்டு, துடைத்த துணியைத் தனியே எறிந்துவிட்டு, கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

ஒட்டும்போது பிளாஸ்டிக்குக்குப் பிளாஸ்டிக் சிமென்ட், உலோகத்துக்கும் ரெசினுக்கும் சூப்பர் க்ளூ. பிளாஸ்டிக் சிமென்ட் ஒட்டுவதில்லை, இரு பரப்புகளையும் உருக்கி ஒன்றாக்குகிறது. ஒரு சொட்டு வழிந்தால் அதன் பாதையில் இருந்த நுணுக்கம் எல்லாம் மழுங்கிவிடும். டாங்கியின் மேல்கோபுரத்தை ஒட்டாமல் தனியே தீட்டுங்கள்.

குச்சியில் நிறுத்துதல்

பேஸில் (வீரர்கள் நிற்கும் சிறு அடித்தட்டு) ஒட்டிவிட்டுத் தீட்டலாமா, தீட்டிவிட்டு ஒட்டலாமா என்ற கேள்விக்கு எங்கள் பதில் உறுதியானது: தீட்டிவிட்டு ஒட்டுங்கள். ஒரே பேஸில் நெருங்கி நிற்கும் ஐந்து வீரர்களில் நடுவில் இருப்பவனின் மார்புக்குப் பிரஷ் போகவே போகாது.

ஐஸ் குச்சி ஒன்றில் இருபக்கப் பசை டேப்பை ஒட்டி, வீரர்களை ஒற்றை வரிசையில் நிறுத்துங்கள். டேப் பிடிக்காவிட்டால் ஒவ்வொரு காலடியிலும் பிவிஏ எனும் வெள்ளைப் பசை ஒரு சிறு பொட்டு வையுங்கள். அது பிறகு கத்தி நுனியால் நெம்பினால் விட்டுவிடும். வீரனுக்கு வீரன் ஒரு செ.மீ. இடைவெளி விட்டால் ஒரு குச்சியில் பத்துப் பேர் நிற்பார்கள். ஒரே குச்சியில் ஒரே வகை வீரர்கள், எல்லோரும் ஒரே திசை பார்த்தபடி. அப்போதுதான் கை ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும், வேகம் தானாக வரும். ராட்சத எந்திரங்களையும் டாங்கிகளையும் புட்டி மூடியின்மேல் ஒட்டுக்களிமண் வைத்து ஒவ்வொன்றாக நிறுத்துங்கள்.

முதல் தவணைக்கு மூன்று குச்சி, அதாவது முப்பது வீரர்கள், சரியான அளவு. ஐவர் வீதம் ஆறு பேஸ் நிறையும். மூன்றாவது குச்சியை முடிக்கும்போது முதல் குச்சி காய்ந்திருக்கும், காத்திருக்க வேண்டியதில்லை. நூறு வீரர்களை ஒரேயடியாக எடுத்தவர்கள் பாதியில் விட்டுவிடுவதே வழக்கம்.

ப்ரைமர்: பாதி வெளிச்சம் இங்கேயே வந்துவிடும்

ஸ்ப்ரே டப்பாவை இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். 20 முதல் 30 செ.மீ. தூரத்தில் பிடித்து, வரிசைக்கு வெளியே தொடங்கி வெளியே முடியும்படி ஒரு வினாடிக்கு மேல் போகாத வீச்சுகளாக அடியுங்கள். நாலாபக்கமும் மெல்லிய கறுப்பு. அது காய்ந்ததும், வெள்ளை அல்லது வெளிர் சாம்பல் ஸ்ப்ரேயைத் தலைக்கு மேலிருந்து 45 பாகைச் சாய்வில் மட்டும் இரண்டு வீச்சு. தலை, தோள், முதுகுப்பை வெளுத்து, வயிறும் கால் இடுக்கும் இருண்டே இருக்கும். இனிமேல் பூசும் மெல்லிய நிறத்தின் வழியாக இந்த வெளிச்சம் கசிந்து வரும். நிழலுக்கென்று தனியாக மெனக்கெட வேண்டாம்.

பூசிய ப்ரைமர் கைக்குச் சொரசொரப்பாக, மாவு தூவியதுபோல இருந்தால், துளிகள் பரப்பைத் தொடுமுன் காற்றிலேயே காய்ந்துவிட்டன என்று பொருள். தூரம் அதிகம், அல்லது வெயில் கடுமை. நெருங்கி அடியுங்கள், நிழலுக்கு வாருங்கள். மாறாக, கண்ணாடிபோல ஈரமாகத் தேங்கி நுணுக்கம் மூடிப்போனால் மிக நெருக்கத்தில் நிறுத்தி அடித்திருக்கிறீர்கள். 28 மி.மீ. வீரன் பொறுத்துக்கொள்ளும் தடிமனை 6 மி.மீ. வீரன் பொறுக்கமாட்டான், தலைக்கவசத்தின் கண்துளையே கால் மி.மீ. ஆழம்தான். ஈரப்பதம் மிகுந்த நாளில் ஸ்ப்ரே வேலையை ஒத்திவையுங்கள்.

அடிநிறம்

பெயின்ட் பால் பதத்துக்கு வர வேண்டும். புட்டியிலிருந்து எடுத்த இரண்டு சொட்டுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் என்று தொடங்கி, பிளாஸ்டிக் தட்டில் இழுத்துப் பாருங்கள். இழுத்த தடத்தில் தட்டின் நிறம் லேசாகத் தெரிய வேண்டும். ஓரத்தில் வழிந்தோடக் கூடாது. பிரஷ்ஷை முக்கியதும் ஒருமுறை டிஷ்யூவில் ஒற்றிவிட்டு வீரனிடம் போங்கள். நேராகக் கொண்டுபோனால் முதல் தொடுதலிலேயே மொத்த ஈரமும் இறங்கி, கை கால் எல்லாவற்றையும் ஒன்றாக மூடிவிடும்.

முழு வீரனுக்கும் முதன்மை நிறத்தை ஒரு கை. அவ்வளவுதான். கோட்டுக்குள் நிற்க வேண்டிய அவசியமில்லை, துப்பாக்கியும் சேர்ந்து நீலமானால் ஆகட்டும். ப்ரைமரின் வெளிச்சத்தைக் காப்பாற்ற வேண்டுமென்பதால், திட்டுத்திட்டாக இருக்கிறதே என்று இரண்டாம் கை பூசத் துடிக்காதீர்கள். மேசைத் தூரத்தில் அந்தத் திட்டு தெரியாது. மஞ்சளும் வெள்ளையும் மட்டும் விதிவிலக்கு. மறைக்கும் சக்தி குறைந்த அந்த நிறங்களுக்குக் கறுப்பு ப்ரைமரைத் தவிர்த்து, முதலிலேயே வெளிர் பழுப்பு அல்லது வெள்ளை ப்ரைமர் அடித்து, மெல்லியதாக இரண்டு கை பூசுங்கள்.

அடிநிறம், நிழல் இரண்டையும் ஒரே கையில் தரும் பெயின்ட்களும் உண்டு. அவற்றுள் ஒன்றான சிட்டடெல் கான்ட்ராஸ்ட் 2019இல் வந்தது. மேட்டில் மெலிந்தும் பள்ளத்தில் தேங்கியும் காயும்படி அமைந்தவை இவை. 6 மி.மீ. அளவுக்கு மிகவும் ஏற்றவை என்றே சொல்வோம், ஆனால் ஒரு எச்சரிக்கையோடு. பள்ளங்கள் நெருக்கமாக இருப்பதால் பெரிய பொம்மையில் பூசும் அளவு ஈரத்தை இங்கே பூசினால் வீரன் முழுவதும் பள்ளமாகவே கணக்காகி இருண்டுவிடுவான். வெள்ளை ப்ரைமர் மேல், பெயின்ட்டுக்குச் சம அளவு மீடியம் கலந்து பூசுங்கள்.

அடிநிறம் காய்ந்ததும் மற்ற நிறங்கள். ஒரு நிறத்தை எடுத்தால் முப்பது பேருக்கும் அதை முடித்துவிட்டுத்தான் அடுத்தது. துப்பாக்கிக்கு அடர் சாம்பல். முழுக் கறுப்பு வேண்டாம், அதன் விளிம்பு பின்னால் எடுபடாது. தோலோ முகமோ தெரிந்தால் ஒரே ஒரு பொட்டு. கண்ணைத் தீட்ட முயலாதீர்கள். கவசக் கண்ணாடி இருந்தால் குறுக்கே ஒரே ஒரு சிவப்பு அல்லது பச்சைக் கீற்று. இப்போது ஒரு முக்கியமான விஷயம்: ஆட்டம் முழுவதும் உங்கள் படையின் முதுகைத்தான் நீங்கள் பார்க்கப் போகிறீர்கள், அதுவும் மேலிருந்து. எனவே நேரத்தை மார்புச் சின்னத்தில் செலவழிக்காமல் தலைக்கவசத்தின் உச்சி, தோள்பட்டை, முதுகுப்பை ஆகியவற்றில் செலவழியுங்கள். முதுகுப்பைக்கு வேறு நிறம் கொடுத்தாலே படை இரண்டு மடங்கு நுணுக்கமாகத் தெரியும்.

வாஷ்

வாஷ் என்பது பள்ளத்தில் ஓடித் தங்கும் நீர்த்த மை. 6 மி.மீ. வீரனில் தலைக்கும் உடலுக்கும், உடலுக்கும் துப்பாக்கிக்கும் நடுவே இருண்ட எல்லையைப் போட்டுத் தருவது இதுதான். இந்த எல்லை இல்லாவிட்டால் வீரன் ஒரு நிறக் கட்டியாகவே தெரிவான்.

புட்டியிலிருந்து அப்படியே பூசாமல், வாஷும் அக்ரிலிக் மீடியமும் சம அளவு கலந்து பூசுங்கள். மீடியத்துக்குப் பதில் தண்ணீர் சேர்த்தால் நிறமிகளைப் பிடித்துவைக்கும் பசை பலவீனப்பட்டு, காயும் ஈரத்தின் ஓரத்தில் நிறமி ஒதுங்கி வளையமாகப் படியும். மேலிருந்து கீழாகப் பூசி, பத்து வினாடி கழித்துப் பாருங்கள். காலடியில் சொட்டு தேங்கியிருக்கும். ஈரம் போக்கிய பிரஷ்ஷின் முனையை அந்தச் சொட்டில் வைத்தால் பிரஷ் அதை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு அரை மணி நேரம் தொடாதீர்கள். பாதி காய்ந்த வாஷை மறுபடி தொடுவதுதான் கறைகளுக்கு முதல் காரணம்: காய்ந்த ஓரம் அசையாது, ஈரமான நடு மட்டும் பெயர்ந்து வந்துவிடும்.

கறுப்பா, பழுப்பா? நீலம், சாம்பல், பச்சைக்குக் கறுப்பு சரி. சிவப்பு, மஞ்சள், எலும்பு வெள்ளைக்கு அடர் பழுப்பு. மஞ்சள் மேல் கறுப்பு வாஷ் போட்டால் அழுக்குப் பச்சையாகத் தெரியும்.

ட்ரைபிரஷ், அதன் பிறகு பொட்டுகள்

வாஷ் காய்ந்ததும் படை சோர்ந்து இருண்டு தெரியும். பதற வேண்டாம், அடுத்த படி அதைத் தூக்கிவிடும். முதன்மை நிறத்தைவிட இரண்டு படி வெளிறிய பெயின்ட்டை, தண்ணீர் சேர்க்காமல், வட்ட மேக்கப் பிரஷ்ஷின் நுனியில் எடுத்து டிஷ்யூவில் வட்டமாகத் துடையுங்கள். கட்டைவிரல் நகத்தின்மேல் பிரஷ்ஷை இழுத்தால் நகத்தின் கோடுகளில் மட்டும் நிறம் மெல்லியதாகப் படிய வேண்டும், அதுதான் அளவு. பிறகு குச்சியைப் படுக்கைவாட்டில் பிடித்து, தலையிலிருந்து காலை நோக்கி, மேடான இடங்களில் மட்டும் லேசாக வருடுங்கள். மூன்று நான்கு வருடலில் தலை உச்சியும் தோள் விளிம்பும் ஒளிரத் தொடங்கும்.

பொடி பூசியதுபோல வெளுத்துத் தெரிந்தால், நிறத்தின் தாவல் மிகப் பெரிது அல்லது பிரஷ்ஷில் பெயின்ட் அதிகம். அதே முதன்மை நிறத்தை ஒன்றுக்கு ஐந்து என்று மீடியத்தில் நீர்க்கவைத்து மேலே ஒரு கை பூசினால் அந்த வெளுப்பு அடங்கும். பெரிய பொம்மைகளில் இவ்வளவு கடுமையான வெளிச்சம் முரடாகத் தெரியும் என்பது உண்மை. ஆனால் இங்கே கையில் வைத்துப் பார்க்கும்போது சற்று மிகையாகத் தோன்றுவதுதான் மேசையில் சரியாக இருக்கும். சந்தேகம் வந்தால் குச்சியை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து நின்று பாருங்கள். ஒரு கையளவு தூரத்தில் வைத்து முடிவெடுத்தால் எப்போதும் தவறாகவே எடுப்பீர்கள்.

கடைசியாகப் பொட்டுகள். எலும்பு வெள்ளையில் தோளின் ஒரு மூலை, துப்பாக்கி முனையில் உலோக நிறம் ஒரு தொடுதல், படைப்பிரிவின் அடையாள நிறம் ஓரிடத்தில். ஒரு வீரனுக்கு மூன்று பொட்டுக்கு மேல் வேண்டாம். நான்காவது பொட்டிலிருந்து கண் எதையும் பிரித்தறியாமல் புள்ளிக்கூட்டமாகப் பார்க்கும். தளபதியின் தலைக்கவசம் முழுவதையும் வெள்ளையாகவோ சிவப்பாகவோ ஆக்கிவிடுங்கள். கட்டளைப் பிரிவு எது என்று ஆட்டத்தின் நடுவே தேட வேண்டியிருக்காது.

டாங்கிகளும் ராட்சத எந்திரங்களும்

டாங்கிக்குத் தட்டைப் பரப்பு அதிகம், ஆகவே வாஷை முழுதும் கொட்டினால் நடுவில் கறை படியும். அடிநிறத்தின்மேல் பளபளப்பு வார்னிஷ் ஒரு கை பூசி, காய்ந்ததும் கவசத் தகடுகளின் இணைப்புக் கோடுகளில் மட்டும் பிரஷ் நுனியால் வாஷைத் தொட்டுவிடுங்கள். வழுக்கலான பரப்பில் அது கோட்டின் வழியே தானாக ஓடும். கோடு மிக ஆழமற்றதாக இருந்தால் நீர் புகாத மை கொண்ட 0.1 மி.மீ. நுண்முனைப் பேனாவால் இழுக்கலாம்; வார்னிஷில் அந்த மை கலைகிறதா என்று அடிப்பகுதியில் சோதித்துக்கொள்ளுங்கள். சங்கிலிப் பட்டைக்கு அடர் பழுப்பு, அதன்மேல் உலோக நிறத்தில் ஒரு ட்ரைபிரஷ், கீழ்ப்பாதிக்குத் தரையின் மணல் நிறத்தில் ஒரு வருடல். பீரங்கிக் குழாயின் வாயில் ஒரு கறுப்புப் பொட்டு வைத்தாலே துளை போட்டதுபோலத் தெரியும்.

ராட்சத எந்திரங்களில் அக்கறையோடு உட்கார வேண்டிய இடம் ஒன்று உண்டு: விமானி அறையின் கண்ணாடி. மூன்று நான்கு மி.மீ. அகலம்தான், ஆனால் எதிராளியின் பார்வை முதலில் போவது அங்கேதான். கண்ணாடி முழுவதும் கருநீலம் பூசுங்கள். காய்ந்ததும் மேல்விளிம்பில் ஒரு கோடளவு கருநீலத்தை விட்டுவிட்டு மீதிக்கு நடு நீலம். அதன் கீழ்ப்பாதிக்கு வெளிர் நீலம். அடிவிளிம்பை ஒட்டி ஏறத்தாழ வெள்ளையான நீலத்தில் மயிரிழைக் கோடு. இப்போது மேலே இருண்ட மூலையில் தூய வெள்ளையில் ஒரு பொட்டு. ஒளி கண்ணாடிக்குள் மேலிருந்து நுழைந்து கீழ்ப்பகுதியை ஒளிரச் செய்வதும், நுழையும் இடத்தில் ஒரு துளி தெறிப்பதும்தான் இந்தத் தலைகீழ் வரிசைக்குக் காரணம். நிறங்களை மேலே வெளுப்பு, கீழே இருட்டு என்று மாற்றிப் போட்டால் கண்ணாடி மறைந்து வெறும் நீலத் தகடாகிவிடும். பல கண்ணாடிகள் இருந்தால் எல்லாவற்றிலும் வெள்ளைப் பொட்டு ஒரே பக்கத்து மூலையில் விழ வேண்டும்.

பேட்டில்டெக்கில் எந்திரம் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பது தாக்குதல் விதியையே மாற்றும். அறுகோண பேஸின் முன்விளிம்பில் மட்டும் வெள்ளைக் கோடு ஒன்று போட்டுவையுங்கள், வாக்குவாதம் மிச்சமாகும்.

டெக்கால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் அச்சுப் படம்) ஒட்டுவதாக இருந்தால் கடைசி வார்னிஷுக்கு முன். படத்தின் ஓரத்தை ஒட்டி வெட்டி, தண்ணீரில் அரை நிமிடம் ஊறவைத்து, பளபளப்பு வார்னிஷ் பூசிய இடத்தில் மட்டுமே ஒட்டுங்கள். மேட் பரப்பு நுண்ணிய கரடுமுரடு. அதன் பள்ளங்களில் சிக்கிய காற்றுதான் டெக்காலைச் சுற்றி வெள்ளியாக மின்னுகிறது. கவசத்தின் வளைவில் படியாவிட்டால் டெக்காலை இளக்கும் திரவத்தை ஒரு துளி விட்டு, அது காயும்வரை விரல் வைக்காமல் இருங்கள்.

பேஸ்

வீரனை நன்றாகத் தீட்டிவிட்டு பேஸில் தோற்பவர்கள் அதிகம். ஐந்து சின்ன வீரர்களைவிட அவர்கள் நிற்கும் தரைக்குத்தான் பரப்பு அதிகம், ஆகவே தூரத்திலிருந்து பார்க்கும்போது உங்கள் படையின் நிறத்தில் பாதி தரையின் நிறம். இருண்ட படைக்கு வெளிறிய தரை, வெளிறிய படைக்கு இருண்ட தரை. பச்சைப் படையைப் பச்சைப் புல்லில் நிறுத்தினால் அது காணாமல் போகும்.

மணல் துகளின் அளவைக் கணக்கிட்டுப் பாருங்கள். இந்த மினியேச்சர்கள் ஏறத்தாழ 1:285 விகிதம். அரை மி.மீ. மணல் 14 செ.மீ. கல்லாகிவிடும்; பெரிய பொம்மைகளுக்கு விற்கும் 4 மி.மீ. புல் ஒரு மீட்டருக்கும் மேல் வளர்ந்த காடு. எனவே மெல்லிய வலையில் சலித்த மணல், இல்லையெனில் மிக நுண்ணிய துகள் கலந்த தரைப் பசை. புல்லுக்குப் பதில், புல்போலத் தெரியத் தூவும் நிறத்தூளான ஃப்ளாக் போதும்.

குச்சியிலிருந்து வீரர்களைக் கத்தி நுனியால் நெம்பி எடுத்து, பேஸில் சூப்பர் க்ளூவால் ஒட்டுங்கள். ஒரே நேர்கோட்டில் நிறுத்தாமல், ஒருவன் முன்னே, ஒருவன் சற்றே திரும்பியபடி. பிவிஏ பசையில் கொஞ்சம் தண்ணீர் கலந்து, பல்குத்தும் குச்சியால் கால்களுக்கு நடுவே பரப்பி மணலில் முக்குங்கள். ஒரு இரவு காயட்டும். அவசரப்பட்டு ஈரப் பசைமேல் பெயின்ட் பூசினால் மணல் பிரஷ்ஷோடு வந்துவிடும். பிறகு அடர் பழுப்பை நீர்க்கப் பூசுங்கள், அது தானாக மணலுக்குள் இறங்கும். காய்ந்ததும் மணல் நிறத்தில் ட்ரைபிரஷ். வீரனின் காலில் பட்டால் புழுதிபோலத் தெரியும், திருத்த வேண்டாம். ஃப்ளாக்கை ஒரே சீராகத் தூவாமல் பேஸுக்கு இரண்டு திட்டு வையுங்கள். பேஸின் பக்கவாட்டு விளிம்புக்குப் படை முழுவதும் ஒரே நிறம். பின்விளிம்பில் பிரிவு எண்ணோ நிறக்கோடோ இருந்தால் ஆட்டத்தில் பிரிவுகள் கலந்து போகாது.

வார்னிஷ்

உலோக வீரர்களுக்கு முதலில் பளபளப்பு வார்னிஷ், அது நன்றாகக் காய்ந்த பிறகு மேட் வார்னிஷ். முதலாவது கவசம், இரண்டாவது தோற்றத்துக்கு. பிளாஸ்டிக்குக்கு மேட் மட்டும் போதும். பளபளப்பாகவே விட்டுவிட்டால் ஒவ்வொரு வீரனிலும் விளக்கின் ஒளி தெறித்து, நீங்கள் தீட்டிய வெளிச்சத்தை விழுங்கிவிடும். கண்ணாடிக்கு மட்டும் மேட் வார்னிஷ் காய்ந்தபின் பிரஷ்ஷால் பளபளப்பை மறுபடி தொட்டுவையுங்கள்.

ஸ்ப்ரே வார்னிஷ் வெள்ளையாகப் பூத்துவிட்டால் ஈரப்பதம் அல்லது தடிமன்தான் காரணம். படை போயிற்று என்று நினைக்காதீர்கள். பிரஷ்ஷால் பளபளப்பு வார்னிஷ் ஒரு கை பூசினால் பெரும்பாலும் தெளியும், அதன்மேல் வறண்ட நாளில் மெல்லியதாக மேட். முதல் வீச்சை எப்போதும் ஒரே ஒரு பேஸில் சோதியுங்கள்.

ஆட்டத்தில் வீரர்களைத் தலையைப் பிடித்துத் தூக்காமல் பேஸின் விளிம்பைப் பிடித்தே நகர்த்துங்கள். பேஸின் அடியில் காந்தத் தாள் ஒட்டி, தகரப் பெட்டியில் நிறுத்திவைத்தால் பயணத்தில் உரசல் இராது. அந்தப் பெட்டியின் மூடிக்குள் ஒரு தாளில் பயன்படுத்திய நிறங்களின் பெயர், பூசிய வரிசை, வாஷ் கலந்த அளவு ஆகியவற்றை எழுதி ஒட்டிவையுங்கள். ஆறு மாதம் கழித்து இன்னொரு பிரிவு சேர்க்கும்போது, கண்ணால் பார்த்து அதே நீலத்தைக் கண்டுபிடிப்பது நடக்காத காரியம்.